ஐந்தாம் பிரிவில் இருபத்து நான்கு கழகங்கள்

ஹனோவர்
18 ஜனவரி 2026, இரவு

அக்கா,

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, துணி துவைக்கும் மெஷினின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஏசாதே.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். இங்கிலாந்துக் காற்பந்து லீக்கின் ஐந்தாம் பிரிவில் உள்ள இருபத்து நான்கு கழகங்களுக்கும் எழுதினேன். நான் ஹனோவரில் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன், ஆட்ட நாளில் மைதான வாசலில் விற்கும் சிறுபுத்தகங்களைச் சேர்க்கிறேன், பழையது இருந்தால் ஒன்று அனுப்புங்கள் என்று. சில கழகங்கள் இப்போது அச்சடிப்பதே இல்லையாம். பதினேழு அனுப்பிவிட்டன. அந்தப் பதினேழில் உன்னுடைய ஸ்கெல்பரோ டவுனும் ஒன்று, அவ்வளவுதான். அதன் நடுப்பக்கத்தில் உன் கடிதம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இவ்வளவு நாளும் அப்பா என் சேகரிப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போய்விடுவார். தொலைபேசியை மட்டும் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாங்கிப் பார்ப்பார். போன ஞாயிறு என் அறைக்குள் வந்து கட்டிலில் இருந்தார். கையில் ஒரு புது அல்பம். எனக்காக வாங்கி வந்ததாம்.

"இஞ்சை தமிழ் விளையாட்டுக் கழகத்துக்கு ஆறு வருசம் நான்தான் செயலாளர், தெரியுமே? புள்ளிப் பட்டியல் எழுதிறதெண்டால் என்னட்டைக் கேள்" என்றார்.

பிறகு என்னோடு நிலத்தில் இருந்து பட்டியலை வெட்டி ஒட்டினார். மூன்று புள்ளி எப்படி வருகிறது, கோல் வித்தியாசம் எப்படிக் கணக்கிடுவது, கடைசி நான்கு கழகங்களும் ஏன் ஆறாம் பிரிவுக்கு இறங்குகின்றன என்றெல்லாம் சொல்லித் தந்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய நகங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. பசை கையில் பட்டதும் லேஞ்சியை எடுத்துத் துடைத்தார்.

"உனக்கு எந்த ரீம் விருப்பம்?"

முதலாம் இடத்தில் இருந்த கழகத்தைச் சொன்னேன்.

"முதலாவதா நிக்கிறதை எல்லாருந்தான் விரும்புவினம்" என்றார். "நீ அப்பிடியான பிள்ளை இல்லையே, தேனு."

அவர் கோபமாக இருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். இப்படி இருந்தால் தெரியாது. உன்னைப் பதினொரு நாள் அறையில் பூட்டி வைப்பதற்கு முதல் கிழமையும் உனக்குக் காதணி வாங்கித் தந்தார்தானே?

ஸ்கெல்பரோ இருபதாவது இடம். ஒரு தோல்வி வந்தால் சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

தேனுஜா


ஸ்கெல்பரோ
25 ஜனவரி 2026

என் தேனுக்குட்டி,

பயப்படாதே. பட்டியலை ஒட்டுகிறவர் எல்லாம் துப்பறிகிறவர் இல்லை. அவருக்கு நேரம் போகவில்லை, அவ்வளவுதான். ஸ்கெல்பரோப் புத்தகத்தை மேலேயும் வைக்காதே, அடியிலும் வைக்காதே. நடுவில் எங்கேயாவது செருகிவிடு.

தொலைபேசி வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உனக்குத் தெரியும். பர்மிங்காமில் என் சிநேகிதியின் தொலைபேசி வழியாகத்தான் அவர் என் வாசலுக்கே வந்தார். இரண்டு பேரைக் கூட்டிவந்து என்னைக் காரில் ஏற்றியதும், பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் நான் கடைக்குள் ஓடிக் கத்தியதும், இப்போதும் கனவில் வருகிறது. கையைத் திருப்பினால் மணிக்கட்டு இன்னும் நோகிறது. கொழும்பில் கலியாணம் கேட்டு எழுதியிருந்த அந்த மாப்பிள்ளைக்கு இப்போது வேறு இடத்தில் முடிந்துவிட்டதாம். ஆனாலும் அப்பா தேடுகிறார். கலியாணத்துக்காக இல்லை என்று நினைக்கிறேன். 'இல்லை' என்று சொன்னதற்காக.

நல்ல கதை ஒன்று சொல்கிறேன். மைதானத்தின் தேநீர்க் கொட்டிலை நடத்துகிற பிளோறன்ஸ் அக்காவோடுதான் நான் இருக்கிறேன் என்று முன்பு எழுதினேன் அல்லவா? அவ யாழ்ப்பாணத்து இளவாலைக்காரி. இருபது வருடமாக இந்த ஊர்ச் சனத்துக்குத் தேநீர் ஊற்றுகிறா.

"இவங்கள் பை எண்டு தின்னுற இறைச்சிப் பணியாரத்துக்குள்ளை உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பாவங்கள். ஒருக்கா றோல்ஸ் போட்டுக் குடுத்துப் பாப்பம்" என்றா.

மாத்தட்டில் இறைச்சிக் கறியை வைத்துச் சுற்றியது நான். மூன்று சனிக்கிழமையாக இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. எழுபது வயதுத் தாத்தா ஒருவர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மணியடித்துக்கொண்டு வருகிறவர், முதல் கடியில் கண்ணீர் விட்டார். "இன்னும் ரெண்டு தாருங்கள். நாங்கள் தோற்கத்தான் போகிறோம், வாயாவது எரியட்டும்" என்றார்.

கொட்டில் சுவரில் கழகத்தின் பழைய படங்கள் இருக்கின்றன. 1889இல் கயிற்றுத் தொழிற்சாலைக்காரர் தொடங்கினார்களாம். ஒரு படத்தில் பதினொரு பேரும் மீசையோடு, ஒருவர் மட்டும் பந்தைக் குழந்தைபோல வைத்திருக்கிறார். அவருக்குக் கீழே பெயர் இல்லை. ஒவ்வொரு நாளும் அவருக்குக் காலை வணக்கம் சொல்கிறேன்.

அக்கா


ஹனோவர்
8 பெப்ரவரி 2026, இரவு

அக்கா,

இனி வீட்டுக்கு அனுப்பாதே. ஒன்றுமே அனுப்பாதே. பள்ளி நூலகத்துக்கு அனுப்பு. பொறுப்பாக இருக்கிற பேரன்ஸ் ரீச்சரிடம் இங்கிலாந்திலிருந்து எனக்குப் புத்தகங்கள் வரும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் கேட்காமல் ஓம் என்றா. முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

இன்று மத்தியானம் அப்பா பதினேழு கழகப் புத்தகங்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினார். ஸ்கெல்பரோவுக்கு மட்டும் ஆறு இருந்தன.

"மற்றவை ஒரு தரம் அனுப்பினவை. இவை மட்டும் ரெண்டு கிழமைக்கு ஒண்டு. நல்ல மனுசர்" என்றார்.

நான் ஏதோ சொன்னேன். அங்கே ஒரு வயதான செயலாளர் இருக்கிறார், அவருக்கு ஜெர்மனி பிடிக்கும் என்று. அப்பா தலையாட்டினார். தோடம்பழம் உரித்துக்கொண்டே கடைசிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். விளம்பரங்களையும் வாசித்தார். கூரை வேலைக்காரர், வாடகைக் கார், மரணச் சடங்கு நடத்துபவர், எல்லாவற்றையும். பிறகு நிறுத்தினார்.

"கமலம், இஞ்சை வா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. அப்பா ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"தேநீர்க் கொட்டிலிலை யாழ்ப்பாணத்து மட்டன் றோல்ஸாம். உள்ளுக்கை அரை முட்டையாம். பதினாறு புத்தகத்திலை பை, பை, பை. இதிலை மட்டும் றோல்ஸ். அரை முட்டை வைச்சுச் சுத்துறது ஆர் வீட்டு வழக்கம்?"

"ஆரும் வைக்கலாம்" என்றா அம்மா.

"ஓம். ஆரும் வைக்கலாம்." அவர் சிரித்தார். "இங்கிலீஷ்காரனுக்குக் குடுத்துவைச்சிருக்கு."

அக்கா, ஏன் அதை எழுதினாய்? ஏன் யாழ்ப்பாணம் என்று போட்டாய்? நான் இருபத்து நான்கு கழகங்களுக்கு எழுதி, பொய் சொல்லி, முத்திரைக்காகப் பள்ளியில் பாண் வாங்காமல் இருந்து உன்னை ஒளித்து வைத்தேன். நீ மூன்று வரியில் பலகை போட்டுவிட்டாய்.

இது கிடைத்தவுடன் அந்த ஊரை விட்டுப் போ. எங்கே என்று எனக்குக்கூடச் சொல்லாதே.

தேனுஜா


ஸ்கெல்பரோ
15 பெப்ரவரி 2026

தேனு,

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். பிழை என்னுடையதுதான். புத்தகம் போடுகிற மனிதர் வந்து மூன்று வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டார். என் பெயர் இல்லை, படம் இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுகூட இல்லை. சந்தோசமாக இருந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் செய்த ஒன்றை அச்சில் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஆனால் நான் போகமாட்டேன்.

கோபப்படாமல் வாசி. ஹனோவரிலிருந்து பர்மிங்காம், அங்கிருந்து இங்கே. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு தலையணை. இனி ஏலாது. இங்கே என்னை எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமைகளில் எண்ணூறு பேர் வருகிறார்கள். எண்ணூறு பேர் முன்னால் யார் என்னை இழுத்துக்கொண்டு போவார்?

முந்தி ஸ்கெல்பரோ மேலே உள்ள பெரிய லீக்கில் இருந்தபோது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடைசி இடத்துக்கு வந்த கழகங்கள் உடனே வெளியே போவதில்லை. வருடக் கூட்டத்துக்குப் போய், எங்களை இன்னும் ஒரு வருடம் வைத்திருங்கள் என்று மற்றக் கழகங்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் வாக்குப் போடுவார்கள். ஸ்கெல்பரோ மூன்று வருடம் அப்படிக் கேட்டது. சுருட்டுப் பெட்டிகளும் சால்வைகளும் கொண்டு போனார்களாம். நான்காம் வருடம், 1934இல், யாரும் கை தூக்கவில்லை. தொண்ணூறு வருடமாகியும் திரும்பப் போக முடியவில்லை. மணியடிக்கிற தாத்தா இதைச் சொல்லும்போது, நேற்று நடந்ததுபோல அந்தக் கழகங்களின் பெயர்களைச் சொல்லித் திட்டுவார்.

நானும் அப்பாவிடம் மூன்று வருடம் கேட்டேன், தேனு. படிக்க விடுங்கள், வேலைக்குப் போக விடுங்கள், இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று. மேசையைச் சுற்றி மாமா, பெரியப்பா எல்லோரும் இருந்தார்கள். அம்மாவும் இருந்தா. யாரும் கை தூக்கவில்லை. இனி யாரிடமும் கேட்டு நான் ஓரிடத்தில் இருக்கப் போவதில்லை.

நீ என்னைப் பற்றி யோசிக்காதே. உன் பரீட்சையைப் பார்.

அக்கா


ஹனோவர்
22 பெப்ரவரி 2026, இரவு

அக்கா,

நீ கதை சொல்கிறாய். நான் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை லண்டனில் ஒரு செத்த வீடாம். தனியாகப் போகிறாராம். யாருடைய செத்த வீடு என்று அம்மா கேட்டா. "உனக்குத் தெரியாத ஆள்" என்றார். என் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணைக்கு முன்னால் நின்று 28ஆம் திகதி யார் யாரோடு விளையாடுகிறார்கள் என்று விரலால் தேடினார். ஸ்கெல்பரோவுக்குச் சொந்த மைதானம்.

இருபத்தோராவது இடத்துக்கு வந்துவிட்டீர்கள். கோல் வித்தியாசத்தில்.

அன்றைக்கு மட்டுமாவது கொட்டிலுக்குப் போகாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தே.


ஸ்கெல்பரோ
2 மார்ச் 2026

தேனு,

உன் கடிதம் இன்று, திங்கட்கிழமைதான் வந்தது. அவர் சனிக்கிழமை வந்தார்.

நான் கொட்டிலின் பின்பக்கத்தில் இருந்தேன். எண்ணெய்ச் சட்டிக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரமிருக்கும். வரிசையில் நின்றவர்கள் காற்பந்தும் காலநிலையும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு தமிழில் ஒரு குரல்.

"ரெண்டு றோல்ஸ் தாங்கோ."

பிளோறன்ஸ் அக்கா ஆளைக் கண்டதில்லை. சந்தோசப்பட்டுவிட்டா. "அட, எங்கடை ஆள்! அண்ணை எங்கையிருந்து?"

"ஜேர்மனி."

"இவ்வளவு தூரம் பந்து பாக்கவோ? உங்கை நல்ல ரீம் ஒண்டும் இல்லையே?"

"இருக்கு. என்ர மகளுக்கு இந்த ரீமிலைதான் சரியான விருப்பம்."

அதற்குள் பிளோறன்ஸ் அக்காவுக்கு விளங்கிவிட்டது. குரல் மாறியது. அவர் ஒன்றைக் கடித்துச் சாப்பிட்டார்.

"முட்டையை வைச்சுச் சுத்தினது ஆர்?"

"நான்தான்."

"நீங்கள் இல்லை." அவ்வளவு மெதுவாகச் சொன்னார். "உப்புக் கொஞ்சம் கூட. சொல்லிவிடுங்கோ."

இரண்டாம் பாதி முழுவதும் மேசைக்குக் கீழே, மா மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். எங்கள் பக்கம் கோல் அடித்தபோது கூரை அதிர்ந்தது. எண்ணூறு பேரும் மைதானத்தைப் பார்த்துக் கத்தினார்கள். ஒருவர்கூடக் கொட்டிலைப் பார்க்கவில்லை. ஊரை விட்டுப் போ என்று நீ முன்பு எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அவர் கடைசி விசில்வரை கம்பியோரம் நின்றுவிட்டுப் போனாராம்.

நேற்றுப் பொலிசுக்குப் போனோம். அங்கிருந்த பொலிஸ்காரப் பெண் நன்றாகத்தான் கேட்டா. பர்மிங்காம் கதையையும் எழுதிக்கொண்டா. ஆனால் சனிக்கிழமை அவர் என்ன செய்தார் என்று கேட்டால், றோல்ஸ் வாங்கினார். வேறென்ன சொல்வது?

உன்மேல் கை வைத்தாரா? உடனே எழுது.

அக்கா


ஹனோவர்
6 மார்ச் 2026, இரவு

அக்கா,

இல்லை, அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே என் அறைக்கு வந்தார். 28ஆம் திகதிப் புத்தகத்தை என் மேசையில் வைத்து, "உன்ர சேகரிப்புக்கு" என்றார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

நேற்று என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். 14ஆம் திகதி திரும்பவும் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கிறதாம். நானும் போக வேண்டுமாம்.

"பள்ளிக்கூடம்?" என்றேன்.

"சனிக்கிழமை ஆர் பள்ளிக்கூடம் போறது? உன்னைக் கண்டால் அவள் ஒளிச்சிருக்கமாட்டாள். தங்கச்சி வாசலிலை நிண்டு கூப்பிட்டால் எந்த அக்கா வெளியாலை வராமல் விடுவாள்?"

பர்மிங்காமுக்கு வந்த அதே இரண்டு பேரும் காரோடு வருகிறார்கள். இன்று அவர் குளிக்கப் போனபோது மேசையில் இருந்த கடதாசிகளைப் பார்த்தேன். ஞாயிறு, 15ஆம் திகதி, லண்டனிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் மூன்று இருக்கைகள். அவருடைய பெயர், உன்னுடைய பெயர், என்னுடைய பெயர். திரும்பி வரும் திகதி அவருக்கு மட்டும்தான் இருக்கிறது.

அம்மா வாசலில் நின்று நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தா. "கடதாசியை இருந்த மாதிரி வை, அவர் பாப்பார்" என்று மட்டும் சொன்னா.

ஊரை விட்டுப் போ என்று உன்னிடம் இனிக் கேட்கமாட்டேன். நான்தான் போக வேண்டும். பேரன்ஸ் ரீச்சர் திங்கட்கிழமை காலை ஏழரைக்கே நூலகத்தைத் திறப்பா. எல்லாவற்றையும் சொன்னால் அதற்குப் பிறகு நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வர முடியாது. அது எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது.

இது உனக்குக் கிடைக்கும்போது ஒன்றில் சொல்லியிருப்பேன், அல்லது பயந்து சொல்லாமல் விட்டிருப்பேன். சொல்லாமல் விட்டால், 14ஆம் திகதி வாசலில் நின்று நான் கூப்பிடுவேன். நீ வெளியே வராதே. நான் அழுதாலும் வராதே.

தேனு


ஹனோவர்
13 மார்ச் 2026, இரவு

அக்கா,

சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை. ஏழரைக்குப் போய் எட்டரைவரை வாசலில் நின்றேன், பிறகு உள்ளே போனேன். அரைவாசியில் ஜெர்மன் சொற்கள் மறந்துபோய் வெறும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். பேரன்ஸ் ரீச்சர் கதவைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தா. மத்தியானத்துக்கு முன்பே சிறுவர் நலப் பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அன்றே உங்கள் கழகத்துக்குத் தொலைபேசி எடுத்து உன்னிடம் பேசினார்கள் அல்லவா? உன் குரல் எப்படி இருந்தது என்று ரீச்சரிடம் கேட்டேன். "அழுதா, பிறகு தேநீர் ஊற்றப் போக வேண்டும் என்றா" என்று சொன்னா. அது நீதான்.

நான் இப்போது ஒரு வீட்டில் இருக்கிறேன். என்னைப்போல ஐந்து பெண்கள். முகவரி சொல்லக்கூடாது. அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. முதல் இரவு அதை எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அப்பாவிடம் போய்ப் பேசினார்களாம். தேநீர் கொடுத்து, பழம் வெட்டிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டாராம். மகளுக்கு இந்த வயதில் கற்பனை அதிகம் என்றாராம். நாளை இங்கிலாந்துக்குப் போவதை மறைக்கவும் இல்லை. மூத்த மகளைப் பார்க்கப் போகிறேன், அதில் என்ன குற்றம் என்றாராம். அவரைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை, ஆனால் உங்கள் ஊர்ப் பொலிசுக்கு அறிவித்துவிட்டோம் என்று இங்கே சொல்கிறார்கள்.

அம்மாவிடம் தனியாகக் கேட்டார்களாம். "என்ர பிள்ளை பொய் சொல்லுறாள்" என்று சொன்னாவாம். அதைக் கேட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. உன் மேசைக் கதைதான் ஞாபகம் வந்தது. இந்த முறையும் அம்மா கை தூக்கவில்லை என்று நினைத்தேன்.

இன்று பின்னேரம் என் உடுப்புப் பை வந்தது. அம்மா அடுக்கிக் கொடுத்தது. வாசலில் அப்பா நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கொடுக்க விட்டாராம். எனக்கு அதைத் திறக்க மனம் வரவில்லை. படுக்கப் போகும்போது குளிருக்கு எடுத்துப் போடலாம் என்று கம்பளிச் சட்டையை விரித்தேன். சட்டையின் கைக்குள் ஏதோ கடினமாக இருந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு துணியை வைத்துச் சுற்றித் தைத்திருந்தது. அம்மாவின் தையல். நூலைக் கடித்து அறுத்தேன்.

இரண்டு பாஸ்போட். ஒன்று என்னுடையது. மற்றது அப்பாவினுடையது.

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன், நானும் ஒரு நிமிடம் சிரித்தேன். அவர் நாளை எங்கேயும் போக முடியாது. விமானநிலையத்தில் உள்ளே விடவே மாட்டார்கள். இது பிந்தித்தான் கிடைக்கும், ஆனாலும் நீ நாளை றோல்ஸ் சுற்றலாம், பயமில்லாமல் ஆட்டம் பார்க்கலாம்.

பிறகு பையை உதறினேன். உடுப்புகளின் எல்லாப் பைகளுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தேன். அம்மாவின் பாஸ்போட் இல்லை. ஒரு துண்டு எழுத்தும் இல்லை.

அவருடைய விமானம் காலை ஆறு மணிக்கு. பயணம் போகும் முதல் இரவு அவர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். இப்போது பதினொன்றரை. பாஸ்போட் வைக்கிற அலுமாரியின் மேல் தட்டைத் திறந்திருப்பார். முதலில் அமைதியாகத்தான் கேட்பார்.

வீட்டில் அம்மா மட்டும்தான் இருக்கிறா.

விடியும்வரை இதை வைத்துக்கொண்டு இருக்க ஏலாது. கீழே இரவுக்குப் பொறுப்பான பெண்ணின் அறையில் வெளிச்சம் தெரிகிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டப் போகிறேன்.

தேனுஜா